நரியின் மீசையும் மூன்று விசிலும்

டி.வி. பார்க்கிறவர்கள் இரண்டு வகை. கதையைப் பார்க்கிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையில் உலகத்திலேயே பிரிண்ட் சார் ஒருவர்தான் இருக்கிறார். கதாநாயகன் செத்துக்கொண்டிருப்பான், வீடே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும். இவர் மட்டும் எழுந்து ஸ்கிரீன் பக்கத்தில் போய், அவன் தலைமுடி கறுப்பாக இருக்கிறதா, சாம்பலாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

லோத்குண்டாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் கீழே அவர் வீடு. சொந்தப் பெயர் லெட்டர் பாக்ஸில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை. எந்தப் படத்திலும் பிரிண்ட் சுத்தமா என்றே பார்ப்பதால் எல்லாருக்கும் அவர் பிரிண்ட் சார்தான். வேலை, நகரத்தின் அந்தக் கோடியில், காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில். உள்ளே வருகிற உதிரிபாகத்தில் மயிரிழை கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியது. அங்கேயே குவார்ட்டர்ஸ் கொடுத்தார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார். ஹாலில் டி.வி. வைக்கிற சுவருக்கு நேரெதிரே ஜன்னல், ஸ்கிரீனில் வெளிச்சம் அடிக்கும் என்பதுதான் காரணம். அந்த ஒரு ஜன்னலுக்காக மனுஷர் வருஷக்கணக்காக ஊரைக் குறுக்கே கடந்து வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

நாங்கள் குடிவந்த அன்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு ஒல்லியான உருவம். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சார், உங்க டி.வி.க்கு ஜுரமா?"

"ஏன் சார்?"

"எல்லார் மூஞ்சியும் இப்படி செவந்து கெடக்கு! கைக்கு இவ்ளோ கலர்? ரிமோட்ட குடுங்க."

'கைக்கு' என்றால் இந்த ஊர் ஹிந்தியில் 'ஏன்'. அரைமணி நேரம் சுற்றி நின்று அவர் கை போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூஞ்சிகளுக்கு ஜுரம் இறங்கியது வாஸ்தவம். ஆனால் அடுப்பில் பால் பொங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. என் மனைவி இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

எந்தப் படத்தையும் குறை சொல்லும் அவருக்கு உயிரான தொடர் ஒன்று உண்டு. ஒரு நரியும் ஒரு ஆமையும் ஊர் ஊராகச் சுற்றுகிற கார்ட்டூன், இருபத்தாறு பகுதிகள். அவருடைய மகள் சாரு சின்னக் குழந்தையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் தமிழில் வந்தது. பிற்பாடு பழைய டி.வி.டி., புது டிஸ்க், ஆப் என்று எத்தனை விதமாக அது வந்ததோ அத்தனையும் அவரிடம் இருக்கும். ஒரு நாள் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இது டி.வி.டி. நரிக்கு எத்தினி மீசை? எண்ணுங்க."

எண்ணினேன். "ஆறு."

"ஹவ், கரெக்ட். இப்ப புது டிஸ்க். காது எங்க?"

காது இல்லை. ஆமைக்குக் காலும் இல்லை. சதுர டி.வி.க்காக வரைந்த படத்தை, அகல டி.வி. முழுக்க நிரப்ப வேண்டும் என்பதற்காக மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டார்களாம்.

"இப்ப ஆப்ல பாருங்க. மீசை?"

"ஒண்ணுகூட இல்லையே சார்!"

"ஷேவ் பண்ணிட்டானுங்க!" என்று எழுந்தே விட்டார். "படத்துல அழுக்கு இருக்குன்னு மெஷின் போட்டு தொடச்சிருக்கானுங்க. அழுக்கோட சேத்து பென்சில் கோட்டையும் வழிச்சிட்டானுங்க. இத பாக்கறது நக்கோ சார், வேணவே வேணாம்!"

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "ரெண்டு மணி நேரமா அங்க என்ன பார்த்தீங்க?" நரி மீசை என்றேன்.

காது போன விஷயமாக டிஸ்க் விற்றவர்களுக்கு, படங்களை ஒட்டி, சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு எழுதினார். வருந்துகிறோம் என்று சொல்லி வேறு டிஸ்க் அனுப்பினார்கள். அதிலும் காது இல்லை. மறுபடி எழுதினார், மறுபடி அனுப்பினார்கள். இப்படியே காதில்லாத நரிகள் ஒரு அலமாரி நிறையச் சேர்ந்துவிட்டன.

சாருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்து படித்த பெண். நாம் தமிழில் கேட்டால் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோதான் பதில் வரும். கட்டாயப்படுத்திப் பேசவைத்தால் வருவது அந்த நரியின் தமிழ். "சாப்பிட்டியாம்மா?" என்றால், "ஆம், வயிறு நிறைந்துவிட்டது, நன்றி!" என்பாள். எங்கள் மாடியில் அவளைப் பேசவைக்கவே தினம் யாராவது ஏதாவது கேட்பார்கள்.

அந்தச் சாருவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நரியும் ஆமையும் முழுசாக, தமிழில், கையில் கொண்டுபோக வேண்டும். பிரிண்ட் சார் ஆடிப்போனார். வாங்கி அடுக்கிய அத்தனையிலும் இங்கிலீஷ் உண்டு, ஹிந்தி உண்டு, தெலுங்குகூட உண்டு. தமிழ் மட்டும் இல்லை. தமிழ் இருந்தது ஒரு பிஸ்கட் டின்னில். சாருவுக்கு மற்ற நாளிலும் சோறு ஊட்டும்போது போடலாம் என்று அவருடைய மனைவி, டி.வி. முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு பண்ணிய கேசட்டுகள்.

டி.வி.டி.யின் படத்தையும் கேசட்டின் குரலையும் ஒட்டவைத்துவிட்டால் போதும் என்று ஆரம்பித்தார். போதவில்லை. டி.வி.யில் தொடரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருந்தார்கள். முதல் நிமிஷம் பொருந்தி வருகிற குரல், முடிவதற்குள் முக்கால் நிமிஷம் முந்திப் போய்விடும். நரி ஆற்றில் விழுவதற்கு முன்பே ஆமை, "ஐயோ நண்பா, விழுந்துவிட்டாயே!" என்று அழுதுவிடும். ஒவ்வொரு வசனமாகப் பிய்த்து, இழுத்து, வாயோடு ஒட்டினார். லீவே போடாத மனுஷர் லீவு போட்டார். ஆறு மாசம் அவர் வீட்டு மிக்ஸிக்குக்கூட ஓடுவதற்கு அனுமதி கிடையாது.

ஒட்டியதோடு விட்டாரா? கேசட்டில் வேறு சத்தங்கள் இருந்தன. குக்கர் விசில், போன் மணி, தெருவில் போன காய்கறிக்காரர். அத்தனையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துடைத்து எடுத்தார். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்காரர் இல்லையா!

சாரு கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் வீட்டு ஹாலில் திரையிடல். திரைச்சீலையை இழுத்துவிட்டு மாடிக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்தோம். பிரமாதம்! காது இருந்தது, கால் இருந்தது, மீசை ஆறும் இருந்தது. குரல் கணீரென்று வாயோடு ஒட்டி வந்தது. கைதட்டினோம். பிரிண்ட் சார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மட்டும் கைதட்டவில்லை.

"அப்பா, இது வேறு பதிப்பு" என்றாள்.

"என்னாது?"

"நரி ஆற்றில் விழுந்தவுடன் மூன்று விசில் வரும். பிறகு அம்மா, 'வாயத் தொற சாரு' என்பார்கள். நான் சிரிப்பேன். அவை எங்கே?"

"அது நாய்ஸும்மா. க்ளீன் பண்ணிட்டேன்."

"இல்லை அப்பா. வெட்டிவிட்டீர்கள்."

அவர் வாழ்க்கையில் அடுத்தவர்களைப் பார்த்து மட்டுமே சொல்லி வந்த வார்த்தை அது. முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அவருடைய மனைவிக்குப் பாவமாக இல்லை.

"மீசைய வழிச்சவன அந்தத் திட்டு திட்டினீங்களே, நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? என் குரல் உங்களுக்கு நாய்ஸா?"

கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபத்தாறு பகுதி, நாலு நாள். எழுந்து போய் பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

நாலு நாளும் அவரை யாரும் வெளியில் பார்க்கவில்லை. துடைத்து எடுத்த ஒவ்வொரு சத்தத்தையும் கேசட்டிலிருந்து மறுபடி எடுத்து, அது அது இருந்த இடத்திலேயே வைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் டாக்ஸி வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது, தாடியும் கலைந்த தலையுமாக இறங்கி வந்து மகள் கையில் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கை வைத்தார். சாரு காரிலேயே லேப்டாப்பில் மாட்டி, படத்தை ஆற்றங்கரைக்கு ஓட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். எங்கள் ஃபிளாட்ஸ் மொத்தமும் வாசலில் நின்றது.

"இதுதான் அப்பா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அதற்கு மட்டும் நரியிடம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கவில்லை போலிருக்கிறது, அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு "போமாட்டேன், போமாட்டேன்" என்றாள். அப்புறம் போய்விட்டாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நரி ஆற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தது. பிரிண்ட் சார் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்கம் என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"உக்காருங்க சார்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இப்ப சாரு சிரிப்பா பாருங்க."

எனக்கு ரொம்பப் பிடித்த மனுஷர். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.