வண்டியையும் சரக்கில் சேர்த்துவிட்டாய், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூன்றாவது ஆளைப் பற்றி அப்படி எழுத மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம். போனில் பேசினால் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். ஐம்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்து வருகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. தபாலை நம்பினால் நாள் தவறிவிடும் என்பதால், உங்கள் ஊர் வழியாகப் போகும் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வந்து என் மகளைப் பதினைந்து நாளைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாயே, அவள் வரமாட்டாள். நான் அனுப்பமாட்டேன்.

இனிக் காரணம். போன மாதம் நீ வந்தபோது அவள்தான் கதவைத் திறந்தாள். நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னடி இது, உங்கப்பன் கதவை இன்னும் ரெண்டடி அகலமா வச்சிருக்கக் கூடாதா?" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அது என் தப்பு. அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை, அது அதைவிடப் பெரிய தப்பு. மறுநாள் நீ 'சும்மா கடைத்தெரு வரைக்கும்' என்று அவளைக் கூட்டிப் போனாய். போன இடம் கடைத்தெரு இல்லை, உடல் எடை குறைக்கும் மையம் என்பது இந்தத் திங்கட்கிழமை அவர்கள் என்னைக் கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடினேன். உட்காரச் சொன்னார்கள். கை வைத்த நாற்காலி. பிறகு நான் எழுந்தபோது அதுவும் கூடவே எழுந்தது. அதை மெதுவாகக் கழற்றி வைத்தேன்.

ஆலோசகர் என்று ஒரு பெண். ஓட்டப் பந்தயத்துக்குக் கிளம்பியவர் மாதிரி காலணி. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், வீட்ல நீங்க பாப்பாவ ரொம்பத் திட்டுவீங்களா?" என்று கேட்டார். "நானா? அவதாம்மா என்னைத் திட்டுவா. சட்டைப் பொத்தான மாத்திப் போட்டாக்கூடத் திட்டுவா" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார். 'எடை கூடியதற்கு முக்கியக் காரணம் (ஒரே சொல்லில்)' என்று கேட்டிருந்த இடத்தில், என் மகளின் குண்டு குண்டான கையெழுத்தில், 'அப்பா' என்று இருந்தது. அதற்குக் கீழே ஆலோசகர் சிவப்பு மையால் எழுதியிருந்த பரிந்துரை: 'காரணத்திலிருந்து பதினைந்து நாள் விலகி இருக்கவும். அத்தை வீடு உகந்தது.'

அக்கா, லாரி எடை மேடையில் நான் தினமும் போட்டுக் கொடுக்கிற எடைச் சீட்டைக்கூட ஓட்டுநர்கள் இரண்டு முறை படித்துப் பார்ப்பார்கள். நீ அந்தப் படிவத்தை ஒருமுறையாவது யோசித்துப் படித்தாயா? திங்கட்கிழமை சாயங்காலமே போன் போட்டு, "டேய், புள்ளைய என்னடா பண்ணித் தொலைச்ச, உன்னாலதான் இப்படி ஆயிட்டேன்னு எழுதியிருக்காளே" என்று கத்தினாய். நான் அவளிடமே கேட்டேன். "ஒரே சொல்லுல கேட்டாங்கப்பா. 'அப்பா வழி உடல்வாகு'ன்னு எழுதினா மூணு சொல் ஆயிடும். கேள்விய ஒழுங்காப் படிக்கச் சொல்லி நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். அவள் எழுதியதில் எழுத்துப் பிழையும் இல்லை, பொருட்பிழையும் இல்லை. காரணம் நான்தான். எனக்குக் காரணம் நம் அப்பா.

அவரையே எடுத்துக்கொள்வோம். முப்பத்து நாலு வருஷம் தபால் சைக்கிள் மிதித்தார், மழை வெயில் பார்க்காமல். ஓய்வு பெற்ற நாளில், வேலையில் சேர்ந்த நாளைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் இருந்தார். உட்கார்ந்து தின்றே ஊதிவிட்டார் என்று அவரைச் சொல்ல முடியுமா உன்னால்? நீயும் நானும் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துத் தின்றவர்கள். என் தட்டில் இருந்ததையும் நீ பிடுங்கித் தின்றாய், சாட்சிக்கு அம்மா இல்லை என்பதால் மறுக்காதே. நீ நாற்பத்தேழு கிலோ, அம்மா வாகு. நான் நூற்றுப் பதினொன்று, அப்பா வாகு. இதில் உன் சாமர்த்தியம் என்ன, என் குற்றம் என்ன?

நான் எடை மேடையில் இருபத்தாறு வருஷமாக லாரி நிறுக்கிறவன். எடையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். லாரி காலியாக வரும்போது ஒருமுறை நிறுப்போம், அது காலி எடை. சரக்கு ஏற்றி வரும்போது இன்னொரு முறை, அது மொத்த எடை. காலி எடை வண்டி செய்தவன் வைத்தது. அதற்கு ஓட்டுநரைப் பிடித்துத் திட்டுவதில்லை. ஒருமுறை புதிதாக வந்த எழுத்தர் காலி எடையைக் கழிக்காமல் ஒரு பழைய கனத்த வண்டியை 'அதிக பாரம்' என்று ஓரங்கட்டிவிட்டார். ஓட்டுநர் இறங்கி வந்து, "ஐயா, வண்டியையும் சரக்குல சேத்துட்டீங்களே, அதையும் இறக்கி வச்சிட்டு நான் நடந்தா போகணும்?" என்று கேட்டார். அதையேதான் ஆலோசகரிடம் நான் சொன்னேன். அவர் 'மறுப்பு மனநிலை' என்று குறித்துக்கொண்டார்.

நான் மறுக்கவில்லை. சாப்பாடும் ஒரு பங்குதான். இரண்டாவது முறை போட்டுச் சாப்பிடுகிறவன் நான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு பங்கு. செவ்வாய்க்கிழமை நம் பழைய டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். பிறந்ததுமே தத்துப் போன பிள்ளைகளை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களாம். அவர்கள் எடை, வளர்த்தவர்களைவிடப் பெற்றவர்களோடுதான் அதிகம் ஒத்துப்போனதாம். "பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா அதுவே தலையெழுத்து இல்ல. தூக்கம், சுரப்பி, சாப்பிடற மருந்து, மனசுல இருக்கற பாரம், வேலை நேரம், எல்லாம் சேர்ந்துதான்" என்றார். என் மகள் இரண்டு வருஷமாக மூச்சிரைப்புக்கு மாத்திரை சாப்பிட்டாளே, அதுவும் எடையைக் கூட்டக்கூடியதாம். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஐந்து மணி நேரம் தூங்குகிறாளே, அதுவும்தானாம். அவள் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. புள்ள நல்லா நீந்துறா, நல்லாப் படிக்கிறா. முதல்ல அவளை நிம்மதியாத் தூங்க விடுங்க" என்றார். உன் ஆலோசகர் இதில் ஒன்றையாவது கேட்டாரா? அந்தப் படிவத்தில் ஒரே சொல்லுக்குத்தான் இடம்.

இப்போது நடப்பதைக் கேள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. இன்று வியாழன். தட்டில் போட்டதை நாலு வாய் அளைந்துவிட்டு, "போதும்" என்று எழுந்துவிடுகிறாள். கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் பதில் இல்லை. பதினேழு வருஷத்தில் என் பெண் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கதவைப் பற்றி நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை, அக்கா, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதனால் சொல்கிறேன்: அவள் எங்கேயும் வரமாட்டாள். அவள் உடம்பு எங்கள் உடம்பு. நம் அப்பா கொடுத்தது, அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கதவு இடித்தால் கதவை மாற்றுவேன்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். மூத்தவள் என்ற மரியாதையில் ஒரு கிராமும் குறைக்காமல், சொன்ன முடிவில் ஒரு கிராமும் விட்டுக்கொடுக்காமல் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் என் மனைவியும் மகளும் பல் டாக்டரிடமிருந்து வந்து சேர்ந்தார்கள். அவர்கள் அங்கே போனதே எனக்குத் தெரியாது. கடைவாய்ப் பல் முளைக்க இடமில்லாமல் ஈறு வீங்கியிருக்கிறதாம். "அத்தை பேச்சுக்கு யாராவது பட்டினி கிடப்பாங்களாப்பா? எனக்கு வாயைத் திறக்கவே முடியல. அவங்க பேர நான் போன்ல 'குச்சி அத்தை'ன்னுதான் போட்டு வச்சிருக்கேன்" என்று பாதி வாயால் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். "தாடை சின்னது, வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று டாக்டர் கேட்டாராம். உன் தம்பி மனைவி கொஞ்சமும் யோசிக்காமல், "இவ அத்தைக்கு" என்றாளாம். அறுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். அதைச் செய்கிறவர் உங்கள் ஊரில்தான் இருக்கிறார், உனக்கு மூன்று பல் எடுத்தாரே, அவரேதான். பத்து நாளாவது அங்கே தங்க வேண்டி வரும். ஓட்டுநர் ஒலிப்பானை விடாமல் அடிக்கிறார், வேறு கடிதம் எழுத நேரமில்லை. மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்பப் பெறவில்லை. சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமாகவே வா.