விழுங்காத நடுவர்

ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைப்பதில்லை என்று சுதாகரன் தீர்மானித்துவிட்டார். சும்மா தீர்மானம் அல்ல. கண்ணாடி முன்னால் நின்று, மீசையைத் தடவி, தனக்குத்தானே தலையாட்டி எடுத்த தீர்மானம்.

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அவர் டீமேக்கர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டைக்குள் போகும்வரை அவர் பொறுப்பு. காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, 'ஸ்ர்ர்ர்' என்று தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி உறிஞ்சுவார். வாய்க்குள் சுழற்றுவார். பிறகு பக்கத்திலிருக்கும் துப்புச்சட்டியில் பீச்சுவார். அடுப்பு பார்க்கிறவன் எப்போது கண்ணயர்ந்தான் என்பதைக்கூட அந்த நாக்கு சொல்லிவிடும். நாக்குதான் அவருக்குச் சோறு போட்டது. அவர் மானத்தை வாங்கியதும் அதுவேதான்.

போன தீபாவளிக்கு உள்ளே போன சரக்கு, அவரைப் பக்கத்து வீட்டு வீரம்மாவின் கோழிக்கூட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. கோழிகள் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி ஷாமிலா சொன்னாள். மலை யாத்திரை சீசன் தொடங்கியதும் சொல்லிக்கொண்டே அடிவாரத்து நல்லதண்ணிக்கு பஸ் ஏற்றி, சிவனொளிபாத மலைக்குக் கூட்டிப் போனாள். உச்சியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சரிந்த நேரம் பார்த்து, "சத்தியம் பண்ணுங்க, அப்பத்தான் தண்ணி தருவேன்" என்றாள். அந்த நேரத்தில் சொத்தை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். "இனி ஒரு சொட்டு என் தொண்டையில இறங்காது" என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னார். தண்ணீர் கிடைத்தது. மற்ற தண்ணி போயிற்று.

அப்படிக் காய்ந்து கிடந்தவருக்குத்தான் அந்த அழைப்பு வந்தது. நுவரெலியாவில் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அங்கே ஸ்கொட்லாந்து முறையில் 'ஏல்' என்று ஒருவகை பியரைத் தாங்களே வடிக்கிறார்களாம். மூன்று வகை. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல நடுவர் வேண்டும். தேயிலைக்காரரின் நாக்கு பியரை எடை போட்டால் பேஸ்புக்கில் நன்றாக ஓடும் என்பது மனேஜர் கிஷாந்தின் யோசனை.

சுதாகரன் சத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்காவது ஓட்டை இருக்காதா? இருந்தது. சத்தியம் செய்தது குடிக்கு. இது உத்தியோகம். குடிகாரன் தனக்காகக் குடிக்கிறான். நடுவர் நீதிக்காகக் குடிக்கிறார். நீதியைத் தொண்டைக்கு மேலேயே நிறுத்திவைக்க முடியுமா?

இவ்வளவு உயர்ந்த தத்துவம் ஷாமிலாவுக்கு விளங்காது. அதனால் அவளிடம் சுருக்கமாகச் சொன்னார்.

"ஹோட்டல்ல தேயிலை ருசி பார்க்கக் கூப்பிட்டிருக்காங்க. நான்தான் நடுவர்."

"தேயிலைக்கா புதுச் சட்டை?"

"வெளிநாட்டுக்காரங்க வருவாங்க, ஷாமிலா."

"செண்டு வேற அடிச்சிருக்கீங்க. தேயிலை பார்க்கிற அன்னிக்கு சோப்புகூட மணக்கக் கூடாதுன்னு வீட்டையே ரெண்டாக்குவீங்களே?"

"அது... கைக்குட்டைக்கு மட்டுந்தான்."

"சரி, போயிட்டு வாங்க. நேத்து நீங்க குளிக்கையில ஒரு போன் வந்துச்சு."

"யாரு?"

"ராங் நம்பர்."

விசாரணை முடிந்தது. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

பங்களா வாசலில் ஜெயகாந்தன் நின்றிருந்தார். முன்பு தோட்டத்தில் காவல்காரர். இப்போது கட்டம் போட்ட பாவாடையும் முழங்கால்வரை கம்பளிக் காலுறையும் மாட்டி, மூடுபனியில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னா ஜெயகாந்தன், இது என்னா கோலம்?"

"ஸ்கொட்லாந்துங்க ஐயா. நெசமான வெள்ளைக்கார துரையே இங்க கால்சட்டதான் போட்டிருந்தாராம், குளிரு தாங்காம. எங்கப்பா சொல்லுவாரு. அவருக்கும் சேர்த்து இப்ப நான் கட்டுறேன்."

"உள்ளே ஏல் ரெடியா?"

"'ஏலும்'னா தெரியும், 'ஏலாது'ன்னாலும் தெரியும். இந்த ஏல்தாங்க எனக்குப் புதுசு."

உள்ளே நெருப்பு எரிந்தது. மேசையில் மூன்று குவளைகள். கூடத் தீர்ப்புச் சொல்ல அழைத்திருந்த இன்னொரு நடுவர் கனகலிங்கம் ஏற்கனவே வந்து அமர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கி மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"நான் கிளாஸ்கோவில மூண்டு மாசம் மகளோட இருந்தனான்" என்று அவர் கேட்காமலே சொன்னார். "ஏலைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை."

சுதாகரன் அதைக் கேட்கவில்லை. முதல் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் காலத் தேயிலையை நன்றாக ஊறவைத்த செம்பு நிறம். மேலே ஒரு விரல் நுரை. கண் கலங்கிவிட்டது. கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து ஜெயகாந்தன் வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் பளபளவென்று துலக்கிய பித்தளைச் சட்டி ஒன்றை 'ணங்' என்று வைத்தார்.

"இது என்னா?"

கிஷாந்த் பவ்வியமாகக் குனிந்தார். "உங்க துப்புச்சட்டிங்க ஐயா. நேத்து போன் பண்ணினேன், நீங்க குளிச்சிட்டிருந்தீங்களாம். வீட்டம்மாதான் எடுத்தாங்க."

சுதாகரன் சட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "என்னா சொன்னாங்க?"

"தேயிலையோ ஏலோ, ஐயா ஒரு சொட்டு முழுங்கமாட்டாரு. துப்பித்தான் தீர்ப்பு சொல்லுவாரு. சட்டி இல்லாட்டி பாதியிலேயே எழுந்து போயிருவாருன்னு சொன்னாங்க. எங்களுக்குப் புல்லரிச்சிருச்சுங்க. பேஸ்புக்ல போட்டாச்சு."

போனை நீட்டினார். சுதாகரனின் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'விழுங்காத நடுவர்'. தோட்டத்து மனேஜர் பெரிய ஐயாவே முதல் ஆளாக லைக் போட்டிருந்தார்.

இனி என்ன செய்வது? போன் ஒன்று அவர் வாயையே படம் பிடித்துக்கொண்டிருந்தது. உறிஞ்சினார். கனகலிங்கம் நாற்காலியில் துள்ளினார். சுழற்றினார். துப்பினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இஞ்ச பாருங்கோ" என்றார் கனகலிங்கம், கொஞ்சம் எரிச்சலாக. "தேத்தண்ணி வேற, ஏல் வேற. இதின்ர கசப்பு தொண்டையிலதான் தெரியும். துப்பினால் ஒண்டும் விளங்காது. விழுங்கத்தான் வேணும்."

சுதாகரனுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. "ஐயா சொல்றது நியாயந்தானே, கிஷாந்த்? நீதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அது சாதாரண நாக்குகளுக்குங்க ஐயா" என்றார் கிஷாந்த்.

கனகலிங்கத்தின் முகம் சுருங்கியது. கையிலிருந்த குவளையைப் பார்த்தார். சுதாகரனின் சட்டியைப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு சட்டி தாங்கோ" என்றார்.

இரண்டாவது வந்தது. வறுத்த பார்லி வாசம், அடியில் கித்துள் மரத்துக் கருப்பட்டியின் இனிப்பு. அது தொண்டை வாசல்வரை போய், நின்று பார்த்துவிட்டு, சட்டிக்குத் திரும்பியது. மூன்றாவதுதான் இருப்பதிலேயே கனமானது. பெயர் 'வீ ஹெவி'. ஸ்கொட்லாந்துப் பேச்சில் 'சின்னக் கனம்' என்று அர்த்தமாம். சுதாகரன் குவளையோடு எழுந்தார்.

"இதோட நிறத்தை வெளிச்சத்துல பார்க்கணும்."

பங்களாத் தோட்டத்தில் ரோஜாச் செடிக்குப் பின்னால் போய் நின்றார். நல்ல பனி. ஆள் நடமாட்டம் இல்லை. வாய் நிறைய எடுத்தார். ஆஹா! பாகும் புகையும் பார்லியுமாக வாய்க்குள் ஒரு திருவிழா. விழுங்கடா சுதாகரா, விழுங்கு!

இருபது வருஷத் தொழில். நாக்கு தானாகச் சுழன்றது. கன்னம் தானாக ஒடுங்கியது. உதடு தானாகக் குவிந்தது. 'பீச்ச்' என்று அவ்வளவும் ரோஜாச் செடிமேல் போய் விழுந்தது.

திகைத்துப்போனார். இன்னொரு வாய் எடுத்தார். மறுபடியும் 'பீச்ச்'. மிச்சமிருந்த கடைசி வாயை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் ஜெயகாந்தனின் குரல் கேட்டது.

"ஐயா, சட்டிய மறந்துட்டு வந்துட்டீங்களே!"

திடுக்கிட்டார். அதுவும் போயிற்று. இந்த முறை சட்டிக்குள்.

பெண்டாட்டியை ஏமாற்றலாம். சத்தியத்தை வளைக்கலாம். சொந்த வாயை யாரிடம் போய்ப் புகார் செய்வது? சுதாகரனுக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே போய், "மூணாவதுதான் முதலாவது" என்று தீர்ப்புச் சொன்னார். "நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றார் கனகலிங்கம்.

புறப்படும்போது கனகலிங்கத்தின் கையில் ஒரு பெட்டி இருந்தது. மூன்று வகையும் கலந்து, நடுவருக்கு அன்பளிப்பு.

"எனக்கு?" என்றார் சுதாகரன்.

"உங்க பெட்டி காலையிலேயே வேன்ல வீட்டுக்குப் போயிருச்சுங்க ஐயா. பஸ்ல தூக்கிக்கிட்டு கஷ்டப்படக் கூடாதுன்னு வீட்டம்மா சொன்னாங்க."

உயிர் திரும்பி வந்தது. ஒரு பெட்டி! வீட்டில்! அங்கே படம் பிடிக்க ஆள் இல்லை, சட்டி தூக்க ஜெயகாந்தன் இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கு விழுங்கப் பழக்கிக்கொள்ளலாம். அன்றைக்குப் பார்த்து கந்தப்பளை பஸ் மாடு மாதிரி ஊர்ந்தது.

வாசலிலேயே அந்த வாசம் வந்தது. வறுத்த பார்லி, கித்துள் இனிப்பு. கூடவே தேங்காய்ப்பால். குசினிக்குள் ஷாமிலா அப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பலகை போட்டு வீரம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரமாகப் போத்தல்கள், கழுவிக் கவிழ்த்து, வரிசையாக.

"ஷாமிலா, பெட்டில இருந்தது?"

"மாவுல ஊத்திட்டேங்க."

"எதுல?"

"அப்பமாவுல. இந்தக் குளிருக்கு என்னிக்கு மாவு ஒழுங்காப் பொங்கியிருக்கு? கள்ளு ஊத்தலாம்னா தென்னமரத்துக்கு எங்க போறது? இது நல்லா நொரை தள்ளுச்சு. போத்தல்ல ஒட்டியிருந்த நம்பரப் பார்த்து மூணையும் தனித்தனிச் சட்டில கரைச்சு வச்சேன்."

"அப்பமா இது!" என்றாள் வீரம்மா, வாய் நிறைய. "ஓரம் முறுமுறுங்குது, நடுவுல பஞ்சு. கோழிக்கூட்டு விஷயத்த இன்னியோட மறந்துட்டேன் தம்பி."

"நீங்க எதுக்குங்க பரிசு குடுத்தீங்க?" என்றாள் ஷாமிலா.

"மூணாவதுக்கு."

"மூணாவதுக்கா? அந்த மாவு சட்டியோட அடியிலேயே படுத்துக் கெடந்துச்சே! ரெண்டாவதுதான் மூடியத் தள்ளிக்கிட்டுப் பொங்குச்சு. திரும்பிப் போன வேன்ல கிஷாந்த் தம்பிக்கும் நாலு அப்பம் குடுத்தனுப்பினேன். இப்பத்தான் போன் பண்ணினாரு, இனி ரெண்டாவதைத்தான் நெறைய வடிக்கப் போறாங்களாம்."

சுதாகரன் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தட்டில் இருந்த அப்பத்தை நோக்கிக் கையை நீட்டினார். தட்டு நகர்ந்தது.

"இருங்க. இதுல அது கலந்திருக்கு. தொண்டையில இறங்கிருமே? மலை உச்சில என் தலையில அடிச்சுச் சொல்லியிருக்கீங்க."

"வேகும்போது சரக்கெல்லாம் ஆவியாப் போயிரும், ஷாமிலா!"

"போயிருமா? அப்புறம் அதுல உங்களுக்கு என்னா இருக்கு?"

சுதாகரன் நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் அடுப்போரத்திலிருந்து காய்ந்த ரொட்டி இரண்டை எடுத்து வேறொரு தட்டில் வைத்தாள். பக்கத்தில் கொஞ்சம் தேங்காய்ச் சம்பல்.

"உங்களுக்குன்னு தனியாச் சுட்டு வச்சேன். இதையாவது துப்பாம முழுங்குங்க."