முன்வரிசையில் உட்கார்ந்திருந்த படம்

சம்பங்கி மணம் மூக்கில் ஏறினால் போதும், என் இரண்டு கைகளும் தாமாக முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்கு அது கல்யாண மணம், கோயில் மணம். எனக்கு அது கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், தூண்களுக்கு நடுவே, ஏழு படங்களோடு நான் நின்ற மணம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் காலமானவர்களே என்று நம்பிய ஒருவன் இந்த உலகத்தில் இருந்தான். (அவனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அறியாப் பருவம்.)

என் மனைவியின் அண்ணன் காரைக்குடியில் டாக்டர். அவர் படித்த மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர்கள், கல்லூரியை ஆளாக்கிய ஏழு பேராசிரியர்களுக்குப் படம் திறக்க முடிவு செய்தார்கள்.

"மாப்ள, நீங்கதான் கவிதை எழுதுறீகள்ல. ஆளுக்கு நாலு வரி எழுதி வாசிச்சிருங்க. படத்தையும் கொஞ்சம் அலங்காரம் பண்ணிருங்க."

மச்சான் கதை கதையாகச் சொன்னார். உடற்கூறு நடத்தியவர் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் கரும்பலகையில் வரைவாராம். இடமும் வலமும் வளர்ந்து வந்து நடுவில் மனிதனாகுமாம். பிரசவம் பார்த்த அம்மையார், தாயின் வயிற்றைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்வாராம். பொது மருத்துவம் நடத்திய வைரவன் சார் நோயாளியைச் சட்டென்று தொடவே மாட்டாராம். கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். "கண்ணு பாத்து முடிச்ச பொறகுதான் கைக்கு வேலை" என்பாராம். சொல்லச் சொல்ல மச்சானுக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தை நான் நம்பினேன்.

இந்த வேலையை நான் வரிந்துகட்டி ஏற்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. சில மாதங்களாக என் வலக்கை நடுங்கிக்கொண்டிருந்தது. பேனா பிடித்தால் வரி அலையடித்தது. காப்பி டம்ளர் தளும்பியது. என் பெரியப்பா நடுக்குவாதத்தில்தான் போய்ச் சேர்ந்தார். முதலில் விரல், அப்புறம் நடை, கடைசியில் பேச்சு. நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் மச்சானிடம் சொல்லவே இல்லை (சொன்னால் அது உண்மையாகிவிடுமே). கை இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று ஒரு வெறி.

விழாவன்று காலை, மச்சான் விருந்தினரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். நான் ஏழு படங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சம்பங்கி மாலை சாத்தி, கீழே குத்துவிளக்கு ஏற்றி, மேலே திரை போட்டு மூடினேன். கை ஆடியதில் வைரவன் சாருக்குச் சந்தனம் புருவம் வரை வழிந்தது. துடைக்கப் போய் மீசையிலும் ஆயிற்று.

முதல் ஆறு கவிதைகளுக்கும் நல்ல கைதட்டல். ஏழாவது திரை விலகியது. நான் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்:

"கால்மாட்டில் நின்றவனே, உன்
கால்மாட்டில் யார் நின்றார்?
எமன் வந்து நின்றபோது
அவனையும் பார்த்துக்கொண்டே இருந்தாயோ?"

வளவு முழுக்க அமைதி. கவிதை உள்ளே இறங்குகிறது என்று நினைத்தேன். நிமிர்ந்தால், முன்வரிசையில் படத்திலிருந்த அதே மீசை, நரைத்து உட்கார்ந்திருந்தது. இரண்டு மீசைக்கும் வித்தியாசம் சந்தனம் மட்டும்தான்.

பக்கத்திலிருந்த அவர் மனைவி எழுந்தார். "யாருப்பா நீ? போன தையிலதான் இவுகளுக்கு எம்பதாங் கல்யாணம் முடிச்சு, புதுசாத் தாலி கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்கேன். யாரைக் கேட்டு எமனைக் கூப்புட்ட?"

"மாப்ள! மாலையக் கழத்துங்க!" என்று அலறினார் மச்சான்.

கழற்றுகிற மனநிலையில் நான் இல்லை. மைக்கை விட்டேன், குத்துவிளக்கைத் தாண்டினேன், தூண்களுக்கு இடையே காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். சமையல்கட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த அண்டாவின் மேல் போய் உட்கார்ந்தபோதுதான் நின்றேன்.

சற்று நேரத்தில் வைரவன் சார் வந்தார். தனியாக. நான் எழப் போனேன்.

"எந்திரிக்காதீக தம்பி."

நாலடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவிதைத் தாளை மடியில் வைத்து, அதன் மேல் கைகளைக் கோத்து, தண்டனைக்குக் காத்திருந்தேன்.

"கை எத்தனை மாசமா ஆடுது?"

பெரியப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அவுகளுக்குச் சும்மா மடியில கிடக்கையிலயே விரல் உருட்டுமா?"

"ஆமாங்கய்யா."

"அந்தக் கவிதையத் திருப்புங்க. பின்னாடி ஒரு கைமுறுக்கு வரைங்க."

வரைந்தேன். எண்ணெயில் துடிக்கிற முறுக்கு மாதிரி வந்தது. அவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"ஆடித்தான் இருக்கு. ஆனா பெரியப்பா வியாதின்னா வரையவரையக் கோடு சிறுத்துக்கிட்டே போகும், இது சிறுக்கல. மடியில கிடந்தா உங்க கை தூங்குது, தாளை எடுத்தாத்தான் முழிக்குது. எல்லாத்துக்கும் மேல, நீங்க ஓடுனதப் பாத்தேனே! ரெண்டு கையையும் அம்புட்டு வீசுனீக. பெரியப்பா வியாதி உள்ளவுக அப்படி ஓடமாட்டாக. இது வேற நடுக்கம். தொந்தரவுதான், ஆனா ஆளை முடக்காது. எதுக்கும் மச்சான்கிட்டச் சொல்லி முறையாப் பாத்துருங்க."

மாதக்கணக்கில் நெஞ்சில் குந்தியிருந்த கல் எங்கே உருண்டதென்று தெரியவில்லை. நான் அண்டாவின் மேல் உட்கார்ந்து தேம்பினேன். அதற்குள் சாரின் மனைவி, அந்த ஆச்சி, அவரைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன இவரு அழுகுறாரு, அடிச்சீகளா?"

"இல்ல. பொழச்சுக்கிட்டாருன்னு சொன்னேன்."

"ஓகோ, இவருமா!" என்றார் ஆச்சி.

பிறகு மதுரையில் காட்டியபோதும் அதையேதான் சொன்னார்கள். ஒரு சின்ன மாத்திரை. என் வரிகள் இன்னும் லேசாக அலையடிக்கும், படிக்கிறவர்கள் பாடு. வீட்டில் யார் எந்தப் படத்தை மாட்டினாலும் என் மனைவி கேட்பது ஒன்றுதான்: "ஆளு இருக்காகளா?" மச்சான் மாலை வாங்க என்னை மட்டும் அனுப்புவதில்லை.

அன்று சாப்பாடு முடிந்து கார் புறப்படும்போது வாசலில் ஒளிந்து நின்றேன். ஆச்சி என்னைப் பார்த்ததும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வைரவன் சார் கண்ணாடியை இறக்கி, கை காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, அடுத்தவாட்டி என்னையப் பத்திக் கவிதை எழுதுறதா இருந்தா, ஒரு போன் அடிச்சுக் கேட்டுக்கங்க. நானே எடுத்தா, எழுதாதீக."