செய்முறையார் செய்த அலைப்பலகை

மனிதரில் ஓர் இனம் உண்டு. கடையில் ஒரு பொருளைக் கண்டால் மற்றவர்கள் விலையைக் கேட்பார்கள். அல்லது ஆசை தீரப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவ்வினத்தார் இரண்டையும் செய்வதில்லை. பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். நகத்தால் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு, கடைக்காரர் காதில் விழும்படியாக, "இதுல என்ன இருக்கு? நாமே செஞ்சிரலாம்" என்பார்கள். அந்த நொடியில் அவர்கள் வீட்டில் ஒரு மேசையும், ஓர் அறையின் பாதியும், வரப்போகிற விடுமுறை நாள்கள் அனைத்தும் பறிபோயின என்று பொருள்.

இவர்கள் கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் செலவுக்கு அஞ்சுவான். இவர்கள் எதற்கும் அஞ்சுவதில்லை. அதுதானே தொல்லை?

தெருவினர் 'செய்முறையார்' என்று செல்லமாக அழைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் அவர் வேலை கோப்புகளைப் படித்துக் கையொப்பமிடுவது. ஆனால், மாலையில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அவர் தச்சராகவும், மின்பணியாளராகவும், குழாய் பழுதுபார்ப்பவராகவும், சில வேளைகளில் ஒரே நேரத்தில் மூவராகவும் மாறுவார். அவர் செய்த அழைப்புமணி எதிர்வீட்டுக் கதவைத் திறந்தால் ஒலிக்கும். அவர் செய்த நாற்காலியில் உட்காரலாம். உட்காரும் விதத்தை மட்டும் முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். கடற்கரைக் கழகத்தில் அலைச்சறுக்குப் பழகிவந்தாள். கழகத்தின் அணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கியது. ஒவ்வொருவருக்கும் மூன்று அலைகள். அவற்றுள் ஒன்றிலாவது பலகையின்மேல் நின்றபடி கரைவரை வந்துவிட்டால் அணியில் இடம். இல்லையேல் அடுத்த ஆண்டு. அதற்குள் படிப்பு முடிந்து அவள் எந்த ஊருக்குப் போவாளோ! ஆகவே, அவளுக்கு இருந்தது இந்த ஒரு வாய்ப்புத்தான். அதை வீட்டில் எல்லாரும் அறிவார்கள். செய்முறையாரும் அறிவார். அறிந்ததனால்தான் வினை தொடங்கியது.

"அப்பா, கோச் தன்னோட பலகையையே தரேன்னு சொல்றாரு. மஞ்சக் கலர். நல்லா மிதக்கும்."

செய்முறையார் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"அடுத்தவர் பலகையிலயா? அப்புறம் நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

மனைவி மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். செய்முறையார் ஏற்கெனவே உணவு மேசையை அளந்துகொண்டிருந்தார்.

அலைப்பலகை செய்வது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. எனினும், இவ்வினத்தார் கேட்காதவர்களுக்கே விரிவாகச் சொல்வார்கள். பொட்டலம் கட்டும் தெர்மாகோல் இருக்கிறதல்லவா, அதில் பெரிய பாளமாக ஒன்றை வாங்கவேண்டும். சூடேற்றிய கம்பியால் அதைப் பலகை வடிவில் அறுக்கவேண்டும். பிறகு, காகிதத்தைவிடச் சற்றே தடித்த மரத்தகடுகளைப் பசை தடவி இருபுறமும் ஒட்டவேண்டும். ஒட்டிய தகடு எங்கும் குமிழ் விடாமல் அமுங்கவேண்டும் என்றால் முழுப்பலகையையும் ஒரு பாலித்தீன் உறையில் இட்டு, ஓரங்களை அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கவேண்டும். தொழிற்கூடங்களில் இதற்கெனத் தனி எந்திரம் உண்டு. செய்முறையாரிடம் மைத்துனர் வீட்டுப் பழைய குளிர்பதனப் பெட்டியிலிருந்து கழற்றிய கம்ப்ரசர் இருந்தது. போதாதா?

"உள்ள இருக்கிற காத்தை எடுத்துட்டா வெளிய இருக்கிற வானமே வந்து அமுக்கும். வானத்துக்குக் கூலி கிடையாது" என்றார் அவர், மனைவியிடம் பெருமிதத்தோடு.

"வானம் வந்து அமுக்கட்டுங்க. என் போர்வையை ஏன் வெட்டுனீங்க?"

"காத்து வெளிய போக வழி வேணாமா? உறைக்குள்ள துணி விரிச்சாத்தான் போகும்."

"உங்க வேட்டி வழியா போகாதா?"

இத்தகைய அறிவியல் வினாக்களுக்கு விடையளிப்பது அவர் வழக்கமன்று.

இப்போது ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அலைப்பலகையின் மூக்கு படகின் முனைபோல மேல்நோக்கி வளைந்திருக்கவேண்டும். இல்லையேல் அது அலையின்மேல் ஏறாமல் அலைக்குள் நுழையும். அந்த வளைவைத் தருவதற்காகச் செய்முறையார், இரு முனையும் உயர்ந்த தொட்டில் போன்ற ஓர் அச்சைச் செய்து மேசைமேல் வைத்தார். குறை சொல்லக்கூடாது, அச்சு அருமையாக அமைந்தது. பலகையின் வயிறு கீழே இருக்குமாறு அதில் வைத்துக் காற்றை உறிஞ்சினால், பசை இறுகும்போது வளைவும் நிலைத்துவிடும். பிறகு எவராலும் மாற்றமுடியாது.

ஆனால், கைவசமிருந்த மரத்தகடுகளுள் ஒன்று பேரழகாக இருந்தது. புகை சுருண்டெழுவதுபோல அதன்மேல் வரிகள் ஓடின. அதைப் பலகையின் மேற்புறத்தில் ஒட்டினால் வழுக்காமலிருக்க மெழுகு பூசுவார்கள், காலால் மிதிப்பார்கள், அழகு வீணாகும். எனவே, அதை வயிற்றுப் பக்கத்துக்கு ஒதுக்கினார். சரி. வயிற்றுப் பக்கத்துக்கு ஒதுக்கிய அழகைப் பசை இறுகும் நேரமெல்லாம் பாலித்தீன் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாமா? எனவே, வயிறு மேலே தெரியுமாறு வைத்தார். அதுவும் சரி. சரியும் சரியும் சேர்ந்து எப்படித் தவறாகும் என்பது இவ்வினத்தாரிடம் மட்டுமே கற்கத்தக்க கலை.

கம்ப்ரசர் உறுமியது. பாலித்தீன் சுருங்கிப் பலகையோடு தோல்போல ஒட்டியது. பிறகு மெல்லத் தளர்ந்தது. எங்கோ காற்று கசிகிறது! உடனே ஆணை பிறந்தது. மின்விசிறி நின்றது. குழாய் மூடப்பட்டது. அடுப்பு அணைந்தது. செய்முறையாரும் மனைவியும் மகளும் மேசையைச் சுற்றி நின்று, தலையைக் குனிந்து, 'உஸ்' என்ற ஓசைக்காகச் செவியைத் தாழ்த்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், மனைவியின் தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஆளுயர உருவமொன்று வெள்ளைத் துணி விரிப்பில் பாலித்தீன் சுற்றி மேசைமேல் கிடப்பதையும், குடும்பமே தலைகுனிந்து நிற்பதையும் கண்டார். அவர் முகம் வெளுத்தது.

"அக்கா..." என்றார் தாழ்ந்த குரலில். "யாரு? எப்போ?"

"உங்க அத்தானோட புத்திதான்டா" என்றார் அக்காள், தலையை நிமிர்த்தாமலே. "ரொம்ப நாளாவே இழுத்துக்கிட்டிருந்துச்சு."

மகள் சிரிப்பை அடக்கமாட்டாமல் மேசையில் சாய்ந்தாள். "சத்தம் போடாதீங்க!" என்று செய்முறையார் சீறினார். மனைவிதான் கசிவைக் கண்டுபிடித்தார். உறையின் மூலையில் விரலை வைத்ததும் ஓசை நின்றது. "அங்கதான்னு நானும் சந்தேகப்பட்டேன்" என்றார் செய்முறையார். இவ்வினத்தார் நன்றி சொல்லும் முறை அது.

விரலை எடுக்காமலே மனைவி கேட்டார்: "ஏங்க, வயிறு மேல பாத்துக்கிட்டிருக்கு. முனையும் மேல வளையுது. திருப்பிப் போட்டா மூக்கு கீழ பாக்காதா?"

"அதெல்லாம் உள்ள ஒரு கணக்கு இருக்கு. உனக்குச் சொன்னா புரியாது."

சொன்னால் புரியாதவை உலகில் பல உண்டு. சொல்லுமுன்பே புரிந்துவிடுவதுதான் குடும்பத்தில் சிக்கல்.

பசை இறுகியது. உறையைக் கிழித்துப் பலகையைத் திருப்பிப் பார்த்தார் செய்முறையார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகத்தில் உண்மை வந்து நின்றது. மூக்கு, தொலைந்த காசைத் தேடுவதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாதாரண மனிதர் என்றால் தலையில் கைவைத்திருப்பார். ஆனால், இவ்வினத்தாருக்கு இயற்கை ஓர் அரிய உறுப்பை அளித்திருக்கிறது. தவறு உள்ளே நுழைந்தால், வெளியே வரும்போது அதைக் கொள்கையாக மாற்றி அனுப்பும் உறுப்பு அது.

"மூக்கு கீழ பாத்தாத்தான் அலையைக் கவ்வும். கடைக்காரனுங்க இதை யோசிக்கவே இல்ல" என்றார்.

மகள் பலகையின்மேல் கையை ஓட்டினாள். அவள் எத்தனையோ பலகைகளில் ஏறி விழுந்தவள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தந்தையின் விரல்களில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்ததையும் அவள் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குப்பா."

தேர்வு நாளில் கரையில் நின்றவர்கள் அனைவரும் அப்பலகையைத் தொட்டுப் பார்த்தார்கள். "எங்க வாங்குனீங்க?" என்று ஒருவர் கேட்டபோது செய்முறையார் அடைந்த இன்பத்தை எழுத்தில் வடிக்க இயலாது. பயிற்சியாளர் மட்டும் பலகையைப் பக்கவாட்டில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "சார், இதைக் கவுத்துப் போட்டு ஓட்டுனா சரியா வரும். ஆனா அடியில தண்ணியைப் பிடிக்கவேண்டிய துடுப்பு ஆகாயத்துல இருக்கும்" என்றார். பிறகு மகளிடம், "என் பலகை அங்க மணல்லதான் கிடக்கு" என்றார். அவள் தலையசைத்துவிட்டுத் தந்தை செய்ததையே தூக்கிக்கொண்டு கடலுக்குள் போனாள்.

முதல் அலை வந்தது. அவள் எழுந்தாள். மூக்கு அலையைக் கவ்வியது, கொள்கைப்படியே கவ்வியது. கவ்வியதை விடவில்லை. பலகை கடலடியை நோக்கிப் போக, மகள் அதன் தலைக்குமேல் பறந்து விழுந்தாள்.

"ஆரம்பத்துல பழகணும்ல" என்றார் செய்முறையார்.

இரண்டாம் அலையில் அவள் பலகையின் வால்முனைக்கே போய், முழங்காலை மடக்கி, உடம்பையெல்லாம் பின்னுக்குச் சாய்த்து, அந்த மூக்கைத் தன் எடையால் மேலே தூக்கப் பார்த்தாள். சிறிது தூரம் வந்தது. பிறகு மீண்டும் கவிழ்ந்தது. நீருக்குமேல் தலை தெரிந்ததும் அவள் பயிற்சியாளரைப் பார்க்கவில்லை. கரையில் நிற்கும் தந்தையைப் பார்த்தாள். கோபத்தோடு அன்று, அவர் பார்த்துவிட்டாரோ என்ற கவலையோடு.

செய்முறையார் பார்த்துவிட்டார். தாம் செய்த வளைவைத் தம் மகள் முதுகால் நிமிர்த்திக்கொண்டிருந்ததை, வெட்டவெளியில், பட்டப்பகலில் பார்த்துவிட்டார். இந்த முறை அந்த அரிய உறுப்பு வேலை செய்யவில்லை.

மணலில் கிடந்த மஞ்சள் பலகையைத் தூக்கினார். கால்சட்டையோடும் காலணியோடும் கடலுக்குள் ஓடினார்.

"சார்! சார்! தேர்வு நடக்குது, உள்ள போகக்கூடாது!" என்று பயிற்சியாளர் கத்தினார்.

இடுப்பளவு நீரில் தந்தையும் மகளும் சந்தித்தார்கள்.

"பரவாயில்லப்பா, இன்னும் ஒண்ணு இருக்கு. இதுலயே வந்துருவேன்."

"குடு அதை."

"அப்பா..."

"இதுல ஒரு சின்னத் திருத்தம் பாக்கி இருக்கு. வேலை முடியாத பொருளை வெளிய விடறது தப்பு" என்றார் செய்முறையார், அலை முகத்தில் அறைய. "அதுவரைக்கும் இதை வெச்சுக்கோ. கடையில வாங்குனதுதான். ஆனா... நல்லாவே பண்ணியிருக்கான்."

அன்பரே, இவ்வினத்தாரின் மொழியில் 'தவறு செய்துவிட்டேன்' என்ற தொடர் கிடையாது. 'ஒரு சின்னத் திருத்தம்' என்பதற்குமேல் அம்மொழியில் தாழ்மை இல்லை. அதைச் சொல்ல அந்த மனிதர் எவ்வளவு ஆழத்துக்குப் போகவேண்டியிருந்தது என்பதை அவருடைய நனைந்த இடுப்பை வைத்துக் கணக்கிடாதீர்கள்.

மூன்றாம் அலையில் மகள் கரைவரை வந்தாள். நின்றுகொண்டே வந்தாள். மணலில் பலகை உராய்ந்த பிறகும் இறங்க மறந்து நின்றாள்.

மனைவி, சொட்டச் சொட்ட நின்ற கணவரிடம் துண்டை நீட்டினார்.

"என்ன திருத்தம்?"

"மூக்கைக் கொஞ்சம் மாத்தணும்."

"கொஞ்சமா?"

செய்முறையார் முகத்தைத் துடைப்பதுபோலத் துண்டுக்குள் சிறிது நேரம் தங்கினார். உள்ளேயிருந்து விடை வந்தது: "புதுசா செய்யணும்."

மனைவி சிரித்த சிரிப்பில் கரையே திரும்பிப் பார்த்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. இத்தகையவருக்கும் உங்களுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லைதான். ஆயினும் ஒரு கேள்வி. மேலே, அந்த அச்சில் பலகையை வைத்த இடத்தைப் படித்தபோது, 'மடையா, வயிற்றைக் கீழே போட்டிருந்தால் சரியாக வந்திருக்குமே! தெர்மாகோல் எங்கும் கிடைக்கும். பழைய கம்ப்ரசர் ஒன்று அகப்பட்டால் நாமே...' என்று உங்கள் மனம் ஒரு கணம் ஓடியதா? ஓடியது என்றால், வீட்டாரிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம். உணவு மேசையை நீங்கள் பார்க்கும் பார்வையிலிருந்து அவர்களே தெரிந்துகொள்வார்கள்.