குறிஞ்சா மென்ற நாக்கும் வட்டிலப்பமும்

மூதூர்.

அன்புள்ள மச்சான் ஸெய்னுதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குறிஞ்சாக்கேணியில் உங்கள் எல்லாருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். இங்கே உங்கள் தங்கை ஸல்ஹா சுகம், மகள் ரிப்கா சுகம். நான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீங்கள். போனில் சொன்னால் இடையிலேயே சிரித்துவிடுவீர்கள் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

எனக்குச் சீனி வருத்தம் கூடினதைக் கேட்டு, போன வருசம் குறிஞ்சாக் கொடி ஒன்று கொண்டுவந்து எங்கள் வேலியில் நட்டுவிட்டுப் போனீர்கள். இலை சீனியை அடக்கும் என்றீர்கள். நான் நம்பினேன். வியாழக்கிழமை ரிப்காவைப் பார்க்கத் திருகோணமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முன்னம் வந்த ரெண்டு சம்பந்தமும் கைநழுவிப் போனதில் பிள்ளை எவ்வளவு அழுதாள் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பையன் சஜீத்தை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. இதுவும் பிழைத்தால் நான் எந்த முகத்தோடு அவளைப் பார்க்கிறது?

அவர்களுக்கு வைக்க, முட்டை அடித்து அவிக்கிற வட்டிலப்பத்துக்காக ஸல்ஹா தேங்காய்ப் பாலில் கித்துள் கருப்பட்டி கரைத்தாள். அன்று அவளுக்கு நோன்பு. அவள் நோன்பு பிடித்தால் ருசி பார்க்கிறது என் வேலை. வருத்தம் வந்த பிறகு இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற ஒரே இனிப்பு அந்த ஒரு கரண்டிதான், அதை விடுவேனா. இனிப்பு உள்ளே போக முன்னம் இலை போய்க் காவல் நிற்கட்டும் என்று, வேலியில் ஒரு கைப்பிடி உருவி, முதல் தரமாகப் பச்சையாக மென்றுவிட்டுக் குசினிக்குப் போனேன். வாயில் வைத்தால் மணல் கரைத்த தண்ணி மாதிரி இருக்கிறது. "இனிப்புக் காணாது" என்றேன். இன்னொரு கருப்பட்டி போட்டாள். இன்னொரு கரண்டி குடித்தேன். "இன்னும் காணாது." "கடைக்காரன் என்னத்தையோ தந்து ஏமாத்திப்போட்டான்" என்று கடைக்காரனை ஏசிக்கொண்டே சீனியையும் கொட்டினாள். உடுத்திக்கொண்டிருந்த ரிப்காவைக் கூப்பிட்டு ஒரு சொட்டு அவள் நாக்கில் வைக்க ரெண்டு பேருக்கும் புத்தி வரவில்லை.

பின்னேரம் வந்தார்கள். அவர்களோடு இருந்து தின்ன வேணுமே என்று நான் இன்னொரு கைப்பிடி மென்றிருந்தேன். பதற்றத்தில் பகல் சோறும் தின்னவில்லை, சீனிக்கு டொக்டர் தந்த குளிசையை மட்டும் விழுங்கினேன். சஜீத்தின் வாப்பா முனாஸ் ஒரு கரண்டி வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினார். உம்மா சுஹைரா தண்ணி கேட்டார், பிறகும் கேட்டார். சஜீத் மட்டும் ரிப்காவைப் பார்த்துப் பார்த்து முழுக்கத் தின்று முடித்தான், கண்ணால் தண்ணி வந்தது. எனக்குக் கை நடுங்குது, சட்டை எல்லாம் வேர்வை, கதிரையோட சரிஞ்சு போனேன். "வாப்பா" என்று ரிப்கா ஓடி வந்தாள்.

"இது சீனி இறங்கினது. எனக்கும் இப்பிடி வந்தது, உடனே இனிப்புக் குடுங்க" என்றார் முனாஸ். சுஹைரா அந்த வட்டிலப்பத்தையே அள்ளி என் வாயில் வைத்தார். எனக்குச் சும்மா இருக்க ஏலாதே. சுகம் வந்ததும் வராததுமாக, "ஸல்ஹா, இதில இப்பவும் இனிப்பு இல்லையே" என்றேன்.

முதல் சிரித்தது சஜீத். பிறகு எல்லாரும். பச்சைக் குறிஞ்சா மென்ற நாக்குக்குக் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது என்ற இலைக் கதையைக் கேட்டு சுஹைரா கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த வீட்டுப் பிள்ளை வந்தா எங்கட வீட்டிலயும் சிரிப்புக் கேக்கும்" என்று சொல்லி, நாளும் வைத்துவிட்டுப் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ். ரிப்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆனால் கிளினிக்கில் டொக்டர், "குளிசையோட இலையையும் போடச் சொன்னது யார்?" என்று கத்தினார். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். கொடியை இன்றைக்கே வேரோடு பிடுங்கப் போகிறேன். இனி இந்த வளவுக்குள் குறிஞ்சா என்ற பேச்சே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் மேல் கோபம்தான், ஆனாலும் அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
மச்சான் முத்தலிப்

பி.கு: இதை வாசித்த ஸல்ஹா, "இளம் இலையைச் சுண்டி, சோத்தோட கொஞ்சமாத் தின்னுங்க, குளிசை போடுறதால டொக்டரிட்டக் கேக்காமத் தொடாதீங்க எண்டு எங்கட ஸெய்னுதீன் காக்கா ரெண்டு தரம் சொன்னாரே" என்கிறாள். ஓம், சொன்னதுதான். கொடியையும் பிடுங்கவில்லை. "டொக்டரிட்டக் கேட்டுட்டு வாறன், எனக்கும் நடுறதுக்குக் கொடியில ஒரு துண்டு வைங்க" என்று முனாஸ் சொல்லியிருக்கிறார். இன்னொன்று. கலியாண வட்டிலப்பத்துக்கு ருசி பார்க்கிற வேலையை என்னிடம் பறித்து உங்களுக்குத் தந்திருக்கிறாள். கட்டாயம் வாருங்கள். உங்களுக்குச் சீனி வருத்தமும் இல்லை, குளிசையும் இல்லை. குசினிக்குள் போக முன்னம் வேலியில் ரெண்டு இலை பிடுங்கி மென்றுகொள்ளுங்கள். அப்போதுதான் அவள் திரும்பவும் என்னைக் கூப்பிடுவாள்.