சுவரெல்லாம் மகனுக்கே

அப்பாக்களில் பல வகை உண்டு. பரீட்சை நாளில் பிள்ளையைவிட அதிகமாக வியர்ப்பவர் ஒரு வகை. பிள்ளை எத்தனாவது படிக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்பவர் இன்னொரு வகை. இவர்களையெல்லாம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது ‘பையன்தானே’ அப்பாவைப் பற்றி. இவரை விடுகிற எண்ணம் எனக்கு இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நாலு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருப்பார். மகன் திடீரென்று நின்று கால்சட்டையை இரண்டு கையாலும் பிடிப்பான். அவ்வளவுதான். கடைத்தெருவோ, ஆஸ்பத்திரி வாசலோ, யாரோ காலையில் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டுப் போன காரின் சக்கரமோ, எதிரே எது இருந்தாலும் ‘பையன்தானே’ அப்பா அதை ஒரு பார்வை பார்ப்பார். பார்த்த மாத்திரத்தில் அது ஓரமாகிவிடும். “இப்படி ஓரமாப் போயிடுடா ராஜா” என்பார். யாருக்கு ஓரம்? அங்கே உட்கார்ந்து செருப்புத் தைப்பவருக்கு அது பட்டறை. அந்தக் காரின் சொந்தக்காரருக்கு அது கார். இவருக்கு மட்டும் உலகம் முழுக்க ஓரம்.

மகன் வேலையை ஆரம்பித்ததும் இவர் பின்னால் நின்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று பின்னணி இசை கொடுப்பார். முகம் சுளித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். மன்னிப்புக் கேட்கும் சிரிப்பு என்று ஏமாந்துவிடாதீர்கள், பெருமைச் சிரிப்பு. முடிந்ததும் “எவ்ளோ தூரம் போச்சு பாத்தியா” என்று முதுகில் தட்டிக்கொடுப்பார். யாராவது வாய் திறந்து கேட்டுவிட்டால் பதில் தயாராக இருக்கும்.

“பையன்தானே, விடுங்க.”

ஒரு நிமிஷம். என்னை ஈரமில்லாதவள் என்று நினைக்க வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அவசரம் வந்தால் அது எங்கே போகும்? மரத்தடி கிடைத்தால் மரத்தடிதான். குழந்தையைத் தூக்கிப் பிடித்துவிட்டு, பின்னாலேயே ஒரு குவளைத் தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் போகிற அம்மாவைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். முப்பதடி தள்ளிச் சுத்தமான கழிவறை இருக்கும்போது, அந்த முப்பதடி நடக்க மனமில்லாமல் என் சுவரைத் தேடி வருகிறவரோடுதான் என் தகராறு.

ஆமாம், என் சுவர். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். கடைக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து. சந்துக்குள் என் சுவர். சுவரில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று நானே பெரிய எழுத்தில் அச்செடுத்து ஒட்டிய காகிதம். அதை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மீறினால் பொறுத்துக்கொள்வேன். ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டது என்ன தெரியுமா? “எங்க, படி பாக்கலாம். முதல் எழுத்து என்னடா? ‘இ’. அடுத்தது?” மகன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே காகிதத்தை நனைத்துக்கொண்டிருந்தான். கல்வி இப்படியும் வளர்கிறது.

அந்தப் பாடம் நடத்தியவர் எனக்குப் பழைய வாடிக்கையாளர். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர். ‘ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிப்பீர்’ என்று தொடங்கும் துண்டுப் பிரசுரத்தை மாதாமாதம் என்னிடம் பிரதி எடுப்பார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, அடக்கினால் என்ன ஆகும் என்றெல்லாம் அதில் படம் போட்டு விளக்கியிருக்கும். ஊரில் உள்ள சிறுநீரகத்தின் மேலெல்லாம் அக்கறை. தன் வீட்டில் எத்தனை சிறுநீரகம் இருக்கிறது என்று எண்ணச் சொன்னால் மட்டும் மகனோடு நிறுத்திக்கொள்வார்.

ஏனென்றால் அவருக்கு ஒரு மகளும் இருக்கிறாள். ஏழு வயது.

போன மாதம் ஒரு மத்தியானம் குடும்பத்தோடு வந்தார். அத்தை வீட்டுக்குப் போகிற வழி. இருநூறு பிரதி வேண்டும். காத்திருந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மகன் வந்ததும் வராததுமாகக் கால்சட்டையைப் பிடித்தான். சந்துக்குள் போனார்கள், ‘ஸ்ஸ்ஸ்’ கேட்டது, வந்தார்கள். மகள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலின் மேல் இன்னொரு காலை முறுக்கிப் போட்டிருந்தாள். கழுத்தில் பூப்போட்ட தண்ணீர் பாட்டில், அது விளிம்புவரை அப்படியே நிறைந்திருந்தது. வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்த குழந்தை. உதடு வெடித்திருந்தது.

நான் இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னேன்: “உள்ள பாத்ரூம் இருக்கு பாப்பா. போயிட்டு வா.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

“அவளுக்கு வராதுங்க” என்றார் அவர்.

“வராதுன்னு அவதானே சொல்லணும்?”

“இல்லக்கா, பழக்கி வச்சிருக்கேன். காலைல வீட்ல போயிட்டுக் கெளம்புனா, திரும்பி வீட்டுக்கு வர்ற வரைக்கும் கேக்கவே மாட்டா. பொம்பளப்புள்ள பாருங்க, கண்ட எடத்துல போக முடியுமா? பள்ளிக்கூடத்துலகூடப் போக மாட்டா. டீச்சரே ஆச்சரியப்படுறாங்க. எங்க கூட்டிட்டுப் போனாலும் தொந்தரவே கெடையாது.”

கேட்டீர்களா? கண்ட இடத்தில் போகிறவனுக்கு முதுகில் தட்டு. போகாதவளுக்கு அதுவே பெருமை. நடுவில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு அறை இருக்கிறது என்பது இந்த இனத்தின் மூளைக்கு ஏறவே ஏறாது. வெட்டவெளி பையனுக்கு, வயிற்றுக்குள் அடைத்து வைப்பது பெண்ணுக்கு. இதைச் சொல்லிவிட்டு ஏதோ பதக்கம் வாங்கியவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

அவர் மனைவி குறுக்கிட்டுச் சொன்னாள்: “அடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல.”

“தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாங்க. பாட்டில் வாங்கிக் குடுத்தாச்சு. இன்னும் என்ன பண்ணணும்?”

நான் இயந்திரத்தை நிறுத்தினேன். மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். நிமிஷங்கள் போயின. சொட்டுச் சொட்டாக ஏதோ கேட்டது, நின்றது, மறுபடி சொட்டு. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற சத்தம். சத்தம் வெளியே வரக்கூடாது என்று பழகிய அழுகை அது. நான் கதவை மெல்லத் தட்டினேன்.

“என்னடா கண்ணு?”

“எரியுது ஆன்ட்டி.”

“எத்தன நாளா?”

“தெரியல.” கதவுக்குப் பின்னாலிருந்தே மேலும் சொன்னாள்: “தண்ணி குடிச்சாதான் வருது. அதனால நான் குடிக்கிறதில்ல. அப்பாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி.”

“சொன்னாத்தானே மருந்து வாங்கித் தருவாங்க?”

“சொன்னா அடுத்த தடவ என்ன விட்டுட்டுத் தம்பிய மட்டும் கூட்டிட்டுப் போவாங்க.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வெளியே வந்ததும் சொன்னேன். வேறு என்ன செய்வது? ஏழு வயதுக் குழந்தை எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு இருநூறு பிரதிக்குக் காத்திருக்க, நான் வாக்குத் தவறாதவள் என்று பெயர் எடுக்கவா? கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவளுடைய பயத்தையும் சொன்னேன். அப்பன் மனம் அதைக் கேட்டாவது கரையும் என்று நினைத்தேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்: “இதுக்குத்தான் சொன்னேன், இவள வீட்லயே விட்டுட்டு வரலாம்னு.”

அந்தக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். தான் சொன்னது சரிதான் என்று தெரிந்துகொண்ட முகம். அன்றைக்கு அவர்கள் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. அம்மாக்காரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவர் மகனோடும் பாதி அச்சான பிரசுரத்தோடும் கடை வாசலில் நின்று, “என்னக்கா, சின்ன விஷயத்தப் பெருசாக்கிட்டீங்க” என்றார். அந்த மனிதரின் வேலையை அதற்குமேல் நான் செய்து கொடுக்கவில்லை.

நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நிம்மதியாகச் சிரிப்பீர்கள். உங்களுக்கு மகனே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அவனைச் சந்தில் நிறுத்தாத நாகரிகம் இருக்கலாம். நல்லது. ஆனால் இந்த இனத்தை நான் சுவரோரத்தில் மட்டும் பார்க்கவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நாலு பேர் முன்னால், வாய் நிறைய மகளைப் பாராட்டும்போதும் பார்த்திருக்கிறேன். ஆகவே அடுத்த முறை யாராவது உங்கள் பெண்ணைப் பற்றி விசாரிக்கும்போது, ‘தங்கமான பொண்ணுங்க, எங்க போனாலும் எதுவும் கேக்க மாட்டா’ என்ற வாக்கியம் உங்கள் நாக்கு நுனிவரை வந்தால், அதை அங்கேயே கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, கேட்டபோதெல்லாம் அவளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.