ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்

யாகப்பன் கண் விழித்தபோது தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப் பெஞ்சில் மல்லாந்து கிடந்தார். ஊசியைப் பார்த்தது வரைதான் நினைவிருந்தது. வயலில் பாம்பைக் கண்டால் துரத்திப்போய் அடிக்கிற மனிதர். ஊசி என்றால் மட்டும் குலை நடுங்கும். மனைவியின் தம்பி சவரி பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தான்.

"ரத்தம் எடுத்துட்டாங்களா மச்சான்?"

"நீங்கதான் சாஞ்சுட்டீங்களே. உங்க பேர்ல நானே குடுத்துட்டேன். கம்முனு வாங்க மாமா."

விழுந்ததில் கை வலித்தது. ஆனாலும் போன உயிர் திரும்பி வந்தது. சொட்டுச் சொட்டாக மூத்திரம் போகிற ஆளுக்கு ஊசி வேறா?

மறுவாரம் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"ரத்தத்துல பி.எஸ்.ஏ.ங்கற புரதத்தோட அளவு அதிகமா இருக்குங்க. பிராஸ்டேட் சுரப்பியில கேன்சரா இருக்கலாம். ஆனா இதை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது. சேலத்துல ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்."

யாகப்பன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஐயோ, சவரிக்கா? கட்டிக்கொடுக்க இரண்டு பெண்களை வைத்திருக்கிறானே! டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் மறுபடி ஊசி. சவரியிடம் சொன்னால் பயத்திலேயே செத்துவிடுவான். கடைசியில் ஒரு வழி தோன்றியது. ரத்தம் யாருடையதோ, ஸ்கேனும் அவனுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

"மச்சான், டாக்டருக்கு ஏதோ படம் வேணுமாம். அந்த மிஷினைக் கண்டா எனக்குப் பயம்டா. என் பேர்ல நீயே படுத்துடேன்."

"இதுக்குமா?" என்று சிரித்துவிட்டுச் சவரி கிளம்பினான்.

மொரப்பூரில் ரயிலேறியதும் யாகப்பன் அவனுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தார். போண்டா வாங்கிக் கொடுத்தார். ஜெபமாலையை உருட்டியபடி அவன் முகத்தையே பார்த்தார்.

"என்னங்க மாமா, சாவப்போறவனைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

யாகப்பன் தன் போண்டாவையும் அவனிடமே நீட்டினார்.

சேலத்துப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். யாகப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுரப்பி சுத்தமா இருக்குங்க. ரத்தத்தை மட்டும் பார்த்துப் பயந்துட்டேன். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா கேன்சர் மாதிரி தெரியல. தைரியமா வீட்டுக்குப் போங்க."

யாகப்பன் வெளியே ஓடிவந்து சவரியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"தப்பிச்சுட்ட மச்சான்! உன் ரத்தத்துல கேன்சர் இருக்கும்னு சொல்லி என் உசிரை எடுத்துட்டாருடா. உன் ஸ்கேனைப் பாத்துத்தான் பயமில்லன்னு சொல்றாரு!"

சவரியின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நான் எங்கங்க மாமா ரத்தம் குடுத்தேன்? உங்களைத் தேத்தறதுக்குச் சும்மா சொன்னேன். நீங்க மயங்கிக் கிடந்தப்ப உங்க கையிலதானே எடுத்தாங்க!"